எத்தனை சிட்டிங் ஆகும், டாக்டர்?



என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். வந்தவர் கேட்காவிட்டால் கூட வந்த கணவரோ அண்ணனோ கேட்பார். "எத்தனை சிட்டிங் ஆகும், டாக்டர்?" பல் மருத்துவரிடம் ரூட் கேனாலுக்குக் கேட்கிற அதே கேள்வி. பயிற்சி மருத்துவனாக இருந்த காலத்தில் இதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். மனசு என்ன கடைவாய்ப் பல்லா என்று தோன்றும். இன்று மாலை நான் பேசப்போவது முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றித்தான். அது நியாயமான கேள்வி. அதற்கு நாங்கள் சொல்லும் பதிலே மருந்தில் ஒரு பங்கு.

அழைப்பிதழில் 'குறுகியகால உளஇயக்கச் சிகிச்சை' என்று போட்டிருக்கிறார்கள். பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். சைக்கோடைனமிக் தெரபி என்பார்கள். பிராய்டின் வழிவந்த பேச்சு வைத்தியம். ஒரு உணர்ச்சியை நாம் நமக்கே தெரியாமல் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறோம். அது சும்மா இருப்பதில்லை. வேறு வேஷத்தில் வெளியே வருகிறது. தலைவலியாக, தூக்கமின்மையாக, காரணமில்லாத பயமாக, மறுபடி மறுபடி ஒரே மாதிரி முறிந்துபோகும் உறவாக. அந்த வேஷத்தைக் கலைத்துப் பார்ப்பதுதான் வேலை. குறுகிய காலம் என்றால் வாரத்துக்கு ஒரு தடவை, தடவைக்கு 45 அல்லது 50 நிமிடம், பெரும்பாலும் 12 முதல் 24 அமர்வுகள், மிஞ்சிப்போனால் 40. சோபாவில் படுக்க வேண்டியதில்லை. எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதுதான்.

பிராய்டு என்றதும் பலருக்கு அந்த சோபாவும், முடிவில்லாமல் நீளும் வருடங்களும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அவரிடம் வந்த மிகப் பெரிய பெயர்களில் ஒன்றுக்கு நான்கு மணி நேரத்தில் வைத்தியம் முடிந்தது. இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர். 1910 ஆகஸ்டில், மனைவி ஆல்மா தன்னைவிட்டுப் போய்விடுவாளோ என்று தவித்துக்கொண்டிருந்தார். பிராய்டிடம் நேரம் கேட்பதும் வேண்டாம் என்பதுமாகச் சில தடவை தள்ளிப்போட்டுவிட்டு, கடைசியில் ஹாலந்தில் விடுமுறையில் இருந்தவரை லெய்டன் நகரத்துக்குப் போய்ப் பார்த்தார். இருவரும் தெருத்தெருவாக நடந்து பேசினார்கள். அவ்வளவுதான் சிகிச்சை. மறு வருடம் மே மாதம் மாலர் இதய நோயால் இறந்துபோனார். பிராய்டு தன் கட்டணத்துக்கான சீட்டை மறக்காமல் அனுப்பிவைத்தார். வைத்தியர்கள் எல்லா ஊரிலும் வைத்தியர்கள்தான்.

பிறகு சிகிச்சை நீண்டது. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு நாள், வருடக்கணக்கில். அதிலும் பிராய்டுக்கு ஒரு அனுபவம் நேர்ந்தது. 1910லிருந்து அவரிடம் வந்துகொண்டிருந்த பணக்கார ரஷ்ய இளைஞர் ஒருவர், மரத்தில் ஓநாய்கள் உட்கார்ந்திருப்பதாகக் கனவு கண்டவர், வருவார், பேசுவார், எதுவும் நகராது. சௌகரியமாகப் பழகிவிட்டார். ஒரு கட்டத்தில் பிராய்டு தேதி குறித்தார்: இந்த நாளோடு முடிக்கிறோம், அதற்குமேல் ஒரு நாள் கிடையாது. அதுவரை வராததெல்லாம் கடைசி மாதங்களில் கொட்டியது. தேதிக்கு இருக்கும் சக்தியை முதலில் கண்டவர் பிராய்டேதான். அந்த மனிதர் பின்னாளிலும் பல ஆண்டுகள் வைத்தியம் தேடி அலைந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1920களில் பிராய்டின் சீடர்கள் ஃபெரென்சியும் ஓட்டோ ராங்கும், சிகிச்சையைச் சுருக்கலாம், வைத்தியர் சும்மா கேட்டுக்கொண்டிருக்காமல் கொஞ்சம் முனைந்து செயல்படலாம் என்றார்கள். குருவுக்குப் பிடிக்கவில்லை. 1937இல் எழுதிய கட்டுரையில் ராங்கின் முயற்சியைக் கேலி செய்கிறார்: எண்ணெய் விளக்கு கவிழ்ந்து வீடு பற்றி எரிகிறது, தீயணைப்புப் படை வந்து அந்த விளக்கை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும் என்று. நல்ல கேலி. குறுகியகாலச் சிகிச்சை செய்கிற எவரும் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டியது. அந்தத் தவறு எங்களுக்கு நேரக்கூடியதுதான்.

இந்த இடத்தில் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. புடாபெஸ்டில் பிறந்து சிகாகோவில் வேலை பார்த்த ஃபிரான்ஸ் அலெக்சாண்டர், தாமஸ் ஃபிரெஞ்சு என்பவரோடு சேர்ந்து 1946இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பழைய காயம் ஆற, அதை நினைவுக்குக் கொண்டுவந்தால் மட்டும் போதாது. அதே மாதிரியான ஒரு சந்தர்ப்பம் மறுபடி வர வேண்டும். எதிரில் இருப்பவர் அன்றைக்கு நடந்துகொண்டது போல இல்லாமல் வேறு விதமாக நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு அவர் எடுத்துக்காட்டிய ஆள் நோயாளி இல்லை, விக்தர் யூகோவின் நாவல் பாத்திரமான ஜீன் வல்ஜீன். வாழ்நாளெல்லாம் அடி மட்டுமே வாங்கியவன், தஞ்சம் கொடுத்த பாதிரியாரின் வெள்ளிச் சாமான்களைத் திருடி, போலீஸ் கையில் சிக்கி நிற்கிறான். பாதிரியார் "இதெல்லாம் நான் கொடுத்ததுதான், விளக்குத் தண்டுகளை ஏன் விட்டுவிட்டுப் போனாய்?" என்கிறார். ஒரே ஒரு சந்திப்பு. அந்த நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழாக்கினார். நாகையா நடிக்க 1950இல் 'ஏழை படும் பாடு' என்று படமாக்கியது இதே ஊரின் பட்சிராஜா ஸ்டுடியோ. அதில் இன்ஸ்பெக்டராக நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர்' என்ற அடைமொழி கடைசிவரை ஒட்டிக்கொண்டது. முன்வரிசையில் நரைத்த தலைகள் சில ஆடுவதைப் பார்க்கிறேன். நீங்கள் பார்த்த அந்தக் காட்சிதான் எங்கள் பாடப்புத்தகத்தின் ஒரு அத்தியாயம்.

இன்னொருவர் இங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் வரும் ஊட்டியில் பிறந்தவர். டேவிட் மாலன், 1922. வெள்ளைக்காரக் குடும்பம், பிற்பாடு இங்கிலாந்து. லண்டன் டவிஸ்டாக் மருத்துவமனையில் 1950களில் மைக்கேல் பாலின்ட் ஒரு சிறு குழு அமைத்தார். குறைந்த வாரங்களில் என்ன செய்ய முடியும் என்று பார்ப்பது அந்தக் குழுவின் நோக்கம். இவரும் அதில் சேர்ந்தார். லேசான, புதிதாக வந்த கஷ்டங்களுக்குத்தான் இது சரிப்படும் என்பது அன்றைய நம்பிக்கை. மாலன் செய்தது பெரிய தத்துவமெல்லாம் இல்லை. சிகிச்சை முடிந்து வருடங்கள் கழித்து அந்த நோயாளிகளைத் தேடிப் பிடித்துக் கேட்டார். வெகுநாள் சிக்கல் உள்ளவர்களிலும் சிலர் நன்றாக மாறியிருந்தார்கள். பெற்றோரிடம் பட்டதையும் வைத்தியரிடம் உணர்வதையும் முடிச்சுப் போட்டுப் பேசிய சிகிச்சைகளில் பலன் கூடுதலாக இருந்தது. 1963இல் இதைப் புத்தகமாக எழுதினார்.

மாலன் பெயரால் வழங்குவது இரண்டு முக்கோணங்கள். அவருக்கு முன்பே எஸ்ரியல், மென்னிங்கர் என்று இருவர் தனித்தனியே போட்டவற்றை ஒன்றாக்கினார். முதல் முக்கோணத்தின் அடி மூலையில் மறைந்திருக்கும் உணர்ச்சி. மேலே ஒரு மூலையில், அது வெளியே வந்துவிடுமோ என்ற பதற்றம். இன்னொரு மூலையில் அதை வரவிடாமல் தடுக்க நாம் போட்டுவைத்திருப்பது. இதைப் புத்தகத் தமிழில் தற்காப்பு என்பார்கள். எனக்கு மூடாக்கு என்று சொல்லத்தான் பிடிக்கும். தென்னந்தோப்பில் மட்டையும் ஓலையும் போட்டு மண்ணை மூடிவைக்கிறோம் இல்லையா, அது. மூடாக்கு கெட்டதில்லை, வெயிலில் வேர் காய்ந்துபோகாமல் காத்தது அதுதான். ஆறு வயதில் போட்ட மூடாக்கை நாற்பது வயதிலும் எடுக்காமல் இருந்தால் உள்ளே என்ன முளைத்திருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். அள்ளி வீசவும் கூடாது, மெல்ல ஒதுக்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது முக்கோணம் மனிதர்களுடையது. இன்று நம்மோடு இருப்பவர்கள் ஒரு மூலை, சிறுவயதில் நம்மை வளர்த்தவர்கள் ஒரு மூலை, எதிரே உட்கார்ந்திருக்கும் வைத்தியர் மூன்றாவது. ஒரே கதை மூன்று இடத்திலும் நடக்கும். வைத்தியர் அறையில் நடப்பதை இருவருமே கண்ணால் பார்க்கலாம் என்பதுதான் அதன் விசேஷம்.

கோட்பாடு போதும். ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பல பேருடைய கதைகளைக் கலந்து, அடையாளங்களை மாற்றி ஒருவராக்கியிருக்கிறேன். யார் என்று தேடாதீர்கள், கிடைக்கமாட்டார்.

வயது 44. கணக்கு டீச்சர். "தொண்டையில நெல்லிக்காய் மாதிரி ஒண்ணு நிக்குதுங்க டாக்டர். இருமினாலும் வரல, தண்ணி குடிச்சாலும் இறங்கல." ஏழு மாதமாக இப்படி. காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டார். தைராய்டு பார்த்தாயிற்று, ஸ்கேன் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல். கனமான ஃபைல் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். கணவரின் தாயார் பக்கவாதத்தில் நான்கு வருடம் படுக்கையில் கிடந்தார். பள்ளிக்கூடமும் போய்க்கொண்டு, படுத்திருப்பவருக்குத் துடைத்து, உடை மாற்றி, ஊட்டி எல்லாம் செய்தது இவர்தான். அந்தம்மா இறந்து எட்டு மாதம். கருமாதி அன்றைக்குச் சொந்தக்காரர்கள் "பெத்த மக கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டா" என்று புகழ்ந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் வந்த நாத்தனார் அலமாரியைத் திறந்து நகைப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். இவர் காபி போட்டுக் கொடுத்தார். வருத்தமில்லையா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டாக்டர். கடமைதானுங்களே." சிரிப்பு. கை தொண்டைக்குப் போனது.

பதினாறு அமர்வு என்று பேசிக்கொண்டோம். கடைசி நாள் கோடை விடுமுறைக்கு முந்தின வாரம். என்ன செய்யப்போகிறோம் என்பதையும் ஒரே வாக்கியத்தில் எழுதினோம்: எனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வரும்போது தொண்டை அடைக்கிறது, அது ஏன் என்று பார்ப்பது. கணக்கு டீச்சர் அல்லவா, டைரியில் ஒன்று முதல் பதினாறு வரை எண் போட்டுக் கட்டம் கட்டிக்கொண்டார். இந்த ஒரே வாக்கியத்தைத்தான் நாங்கள் குவியம் என்கிறோம். நீண்டகாலச் சிகிச்சையில் எந்தக் கிளையையும் பிடித்து எங்கேயும் போகலாம். இங்கே ஒரு கிளைதான்.

முதல் ஐந்து வாரமும் அருமையான நோயாளி. பத்து நிமிடம் முன்பே வந்துவிடுவார். கேட்டதற்கெல்லாம் பதில். மூன்று பெண்ணுக்குப் பிறகு தம்பி பிறந்தபோது, மூன்றாவதான இவரை ஆறு வயதில் தாராபுரம் பக்கம் அம்மிச்சி வீட்டில் விட்டதையும் சொன்னார். யாரோ ஒரு குழந்தையின் கதையைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

ஆறாவது வாரம் நான் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. இந்த வாரம் இல்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குச் செய்தி போனது. அடுத்த வாரம் வந்தார், கையில் ஒரு டப்பா நிறைய அதிரசம். "போன வாரம் வரலைன்னு ஒண்ணுமில்லைங்க டாக்டர். உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்." சொல்லிக்கொண்டே இடதுகை தொண்டைக்குப் போயிற்று.

"கை எங்கே இருக்குன்னு பாருங்க" என்றேன்.

பார்த்தார். கையை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

"ஒரு போன் நீங்களே பண்ணியிருக்கலாம்னு தோணுச்சுங்க."

சொன்ன உடனே முகம் வெளுத்துப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் தப்புப் பண்ணிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். "ஆமாங்க, பண்ணியிருக்கணும்" என்றேன். உண்மையும் அதுதான். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. மாதம் ஒருமுறை அம்மா பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டுப் போவாராம். பஸ் கிளம்பும்போது இந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே கையாட்டுமாம். அழுதால் அம்மா அடுத்த மாதம் வரமாட்டாள் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். "நல்ல புள்ளைன்னு ஊரே சொல்லுமுங்க" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

போன் விஷயம், பஸ் விஷயம், நகைப்பெட்டி விஷயம். மூன்று மூலையிலும் ஒரே சிரிப்பு. நான் பெரிதாக எதையும் விளக்கவில்லை. அவரே விரலால் மேசைமேல் கோடு போட்டார்.

ஒன்பதாவது வாரம் குரல் இறங்கிப் போய்ச் சொன்னார்: "ஒரு நாள் ராத்திரி மூணு மணிக்கு எழுப்பி விட்டாங்க. இவங்க செத்துட்டாத் தேவலைன்னு நினைச்சேனுங்க. நாலு மாசத்துல போயிட்டாங்க." ஊரெல்லாம் புகழப் புகழ உள்ளே அடைத்துக்கொண்டது இது. வருடக்கணக்கில் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்கிற எவர் மனதிலும் ஒரு ராத்திரி இந்த எண்ணம் வராமல் இருக்காது. நான் பார்த்தவரையில் வந்ததில்லை என்று சொன்னவர்களுக்குத்தான் உடம்பு பேசுகிறது. மாமியாரின் மேல் இவருக்குப் பாசமும் இருந்தது. கோபமும் பாசமும் ஒரே ஆள்மேல் இருக்கலாம் என்று நாற்பத்து நான்கு வயதில் தெரிந்துகொண்டார்.

பன்னிரண்டாம் வாரத்தில் தொண்டை சுத்தமாகச் சரியாகிவிட்டது. பதினான்கில் மறுபடி நெல்லிக்காய். வீட்டில் பயந்துபோய், இன்னும் பத்து சிட்டிங் சேர்த்துக்கொள்ளலாமா என்று கணவர் போன் செய்தார். புதிதாகத் தொழிலுக்கு வந்தவனாக இருந்தால் சரி என்றிருப்பேன். பாஸ்டனில் ஜேம்ஸ் மான் என்பவர் 12 அமர்வு என்று கறாராக வைத்துச் சிகிச்சை செய்தார். 1973இல் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். முடிவு நெருங்கும்போது, முன்னால் பிரிந்துபோன எல்லாரும் அறைக்குள் வந்து நிற்பார்கள் என்பதுதான் அதன் சாரம். அந்த நேரத்தில் தேதியைத் தள்ளிப்போட்டால், பிரிவைத் தாங்கலாம் என்று காட்டக் கிடைத்த ஒரே சந்தர்ப்பமும் போய்விடும். தள்ளிப்போடவில்லை. பஸ் கிளம்பத்தான் போகிறது; இந்தத் தடவை சிரித்துக்கொண்டு கையாட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அதைத்தான் அந்த இரண்டு வாரமும் பேசினோம்.

பதினாறாவது நாள் பத்து நிமிடம் தாமதமாக வந்தார். டப்பா இல்லை. "இன்னைக்கு வர்றதுக்கே கோவமா இருந்துச்சுங்க" என்றார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எந்த அதிரசமும் கொடுத்திருக்காது. இப்போதும் எப்போதாவது தொண்டை அடைக்குமாம். அடைத்தால், யாரிடம் எதைச் சொல்லாமல் விட்டோம் என்று யோசிப்பாராம். நாத்தனாரிடம் நகையைப் பற்றிக் கேட்டாயிற்று. நகை வரவில்லை, அது வேறு கதை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உணர்ச்சிக்கு வார்த்தை இல்லாத நிலைக்கு பீட்டர் சிஃப்னியோஸ் என்ற இன்னொரு பாஸ்டன் மருத்துவர் 1970களின் தொடக்கத்தில் அலெக்ஸிதைமியா என்று கிரேக்க மொழியிலிருந்து பெயர் வைத்தார். அவரும் குறுகியகாலச் சிகிச்சையில் முன்னோடி. நல்ல கருத்து. ஆனால் நம் பக்கத்து நோயாளிகள் நெஞ்சு கனக்கிறது, வயிறு எரிகிறது, தலை பாரமாக இருக்கிறது என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, இவர்களுக்கு மனதைப் பற்றிப் பேசத் தெரியாது என்று முடிவு கட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. தொல்காப்பியர் உணர்ச்சிகளுக்கென்று ஒரு இயலே வகுத்து, அதற்கு மெய்ப்பாட்டியல் என்று பெயரிட்டார். மெய் என்றால் உடம்பு. வயிற்றெரிச்சல் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வாள். நாம்தான் அதற்கு ஆன்டாசிட் எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம். உடம்பு முதலில் பரிசோதிக்கப்பட வேண்டும், அதில் சந்தேகமே வேண்டாம். பரிசோதனை சரியாக இருந்தால், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக முடியும். தமிழில் வழி இருக்கிறது.

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். மாண்ட்ரியலில் ஹபீப் தவான்லூ என்ற ஈரானிய மருத்துவர் தன் சிகிச்சைகளையெல்லாம் வீடியோவில் பதிவு செய்து, சக மருத்துவர்கள் பார்த்து விமர்சிக்க வைத்தார். மூடிய அறைக்குள் நடந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. அவருடைய முரட்டு அழுத்த முறை எனக்கு ஒத்துவராது என்பது வேறு. 2014இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் 33 ஆய்வுகள், 2,173 பேர். மனச்சோர்வு, பதற்றம், உடல் உபாதையாக வெளிப்படும் மனக்கஷ்டம் இவற்றில், சிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள் அல்லது வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். ஆய்வுகளின் தரம் ஒரே மாதிரி இல்லை என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. 2013இல் ஆம்ஸ்டர்டாமில் 341 மனச்சோர்வு நோயாளிகளுக்கு 16 அமர்வு கொடுத்து, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும், இன்று பரவலாக இருக்கும் சி.பி.டி. முறையோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் நோய் முற்றிலும் தணிந்தவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. எங்கள் இரண்டு கோஷ்டிக்கும் தலைகுனிய வைக்கிற எண்ணிக்கை அது. ஹெல்சிங்கியில் 326 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள்: முதல் வருடத்தில் குறுகிய சிகிச்சை பெற்றவர்கள் முந்தினார்கள், மூன்றாவது வருடத்தில் நீண்ட சிகிச்சை பெற்றவர்கள் முந்தினார்கள். பிராய்டின் தீயணைப்புப் படையை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே எல்லோருக்கும் இது என்று நான் சொல்ல வரவில்லை. மாயக்குரல் கேட்பவர்கள், பித்து நிலையில் இருப்பவர்கள், குடியில் மூழ்கிக் கிடப்பவர்கள், நாளைக்கு உயிரோடு இருப்பார்களா என்ற நிலையில் இருப்பவர்கள், இவர்களுக்கு முதலில் வேறு உதவி வேண்டும். மாத்திரை தேவைப்படுபவருக்கு மாத்திரை. கஷ்டம் ஒரு இடத்தில் குவிந்திருக்க வேண்டும், அதைப் பார்க்கிற துணிச்சல் கொஞ்சமாவது இருக்க வேண்டும், ஒரு உறவாவது வாழ்க்கையில் ஒழுங்காக அமைந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் பதினாறு வாரம் போதுமானதாகிறது.

நம் ஊரில் இன்னொரு தடை உண்டு. வருகிறவர் புத்திமதி எதிர்பார்க்கிறார். "நீங்க சொல்லுங்க டாக்டர், அப்படியே செய்யறேன்." பஞ்சாபைச் சேர்ந்த மனநல மருத்துவர் நெக்கி, இந்தியாவில் வைத்தியரும் நோயாளியும் குருவும் சீடனுமாக இருக்கலாமே என்று 1973இல் எழுதினார். பாதி ஒப்புக்கொள்கிறேன். முதல் இரண்டு வாரம் குருவாக இருந்தால்தான் ஆள் மூன்றாவது வாரம் வருவார். வீட்டுக்காரரை ஒருமுறை கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவதும் இங்கே தேவை. லண்டன் புத்தகம் இதற்கு ஒப்பாது. ஆனால் அந்த டீச்சரிடம் நான் குருவாகவே இருந்திருந்தால் "நீங்களே போன் பண்ணியிருக்கலாம்" என்ற வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தே இருக்காது. புத்திமதி சொல்ல நம் தெருவிலேயே நூறு பேர் இருக்கிறார்கள். கோபித்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

கடைசியாக ஒரு ஆய்வு. மான்செஸ்டரில் எல்ஸ்பெத் கத்ரி என்ற மருத்துவர் 2001இல் வெளியிட்டது. மருந்தையோ விஷத்தையோ குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து பிழைத்த 119 பேர். அவர்களில் 58 பேருக்கு இதே வழிமுறையில் நான்கே நான்கு அமர்வு. கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். நோயாளியின் வீட்டுக்கே போய்க் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் மறுபடி தன்னைத்தானே துன்புறுத்திக்கொண்டவர்கள் இவர்களில் 9 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 28 சதவீதம். சிறிய ஆய்வுதான். இருந்தாலும் நான்கு மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். மாலருக்குப் பிராய்டு கொடுத்த அதே நேரம்.

நம்மிடம் சாணிப்பவுடரோ பூச்சிமருந்தோ குடித்து வருகிறவருக்கு வயிற்றைக் கழுவி, நாலைந்து நாள் படுக்கவைத்து, டிஸ்சார்ஜ் சீட்டு எழுதி அனுப்புகிறோம். ஏன் குடித்தாய் என்று திட்டுகிறவர்கள் உண்டு, கேட்கிறவர்கள் குறைவு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115ஆவது பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்கிறது. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இரண்டு செவிலியருக்குப் பயிற்சி கொடுத்து, டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு நான்கு முறை வீட்டுக்குப் போய்ப் பேச ஏற்பாடு செய்வது பெரிய செலவில்லை. இந்த அவையில் அரசு அலுவலர்கள் இருந்தால் என் கோரிக்கை அதுதான்.

மற்றவர்களுக்கு: உங்கள் வீட்டில் யாரையாவது மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அழைத்துப்போனால், எத்தனை சிட்டிங் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பதையும் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். எங்கே போவதென்று தெரியாத இரவுகளுக்கு 14416 என்ற அரசு எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம். குறித்துக்கொள்ளுங்கள்.